ரஞ்சித்குமார் நடத்திய உராய்வு

எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ரஞ்சித்குமார். கேளம்பாக்கத்து அடுக்குமாடியிலிருந்து தினமும் கருப்புக் கண்ணாடியோடு காரில் வந்து இறங்குவார். புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப்பள்ளி அது. நான் அங்கே தமிழ் நடத்துகிறேன். ஆறு வருடமாகப் பக்கத்து வகுப்பில் நின்று அவர் பாடத்தைக் கேட்ட பாவி.

'விசை என்பது தள்ளுதல் அல்லது இழுத்தல்.' இதைப் பத்து முறை எழுதச் சொல்லிவிட்டு, தன் யூடியூப் சேனலுக்கு எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். நான்கு சுருள்வில் தராசுகள் உறை பிரிக்காமலே பீரோவில் கிடந்தன.

"குடுத்தா ஒடச்சிடுவாங்க சார். மீன் புடிக்கப் போற பசங்களுக்கு நியூட்டன் எதுக்கு?" என்று என்னிடம் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே அருவருப்பு வருகிறது.

போன வருடம் ஆசிரியர்களுக்கு ஒரு வீடியோப் போட்டி வந்தது. மனுஷனுக்கு அன்றைக்குத்தான் பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். எட்டாம் வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். கரையில் நின்ற ஃபைபர் படகைப் பிள்ளைகள் கடலைப் பார்த்துக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். முதலில் வெறும் மணலில், பிறகு அடியில் உருட்டுக்கட்டைகள் போட்டு. உராய்வு குறைவதைக் காட்டுகிறாராம்.

படகு மாயவனுடையது. அவர் மகள் அனு அந்த வகுப்பில்தான் படித்தாள். மாயவன் சரிவைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார்.

"சாரு, கட்ட போட்டா இது நிக்காது. பின்னால ஒரு கயிறு கட்டி நாலு ஆளு புடிச்சிக்கினு வரணும். புள்ளைங்க முன்னால நிக்கக் கூடாது."

"அண்ணாத்த, நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ். எனக்கே விசை சொல்லித் தர்றீங்களா?"

வெறும் மணலில் படகு அசையவே இல்லை. பிள்ளைகளின் உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். கட்டை போட்டதும் மெல்ல நகர்ந்தது. பிறகு சரிவில் தானாகவே வேகம் பிடித்து, கயிறு பிடித்திருந்த பிள்ளைகள் மேலேயே வந்தது. அவர்கள் நடுவே நின்று, ஸ்டாண்டில் இருந்த போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார் ரஞ்சித்குமார். படகைப் பார்த்தார். ஒரு குரல் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினார். விழுந்தவள் அனு.

மாயவனும் கரையில் நின்ற மூன்று பேரும் பாய்ந்து படகின் மூக்கைப் பக்கவாட்டில் இழுத்தார்கள். அது கட்டையிலிருந்து இறங்கி மணலில் உழுது நின்றது, அனுவின் காலுக்கு ஒரு முழம் தள்ளி. கணுக்கால் பிசகியதோடு அவள் தப்பித்தாள்.

"இன்னா வாத்தியாரே, புள்ளைய தள்ளிட்டு நீ ஓடற?" என்று மாயவன் கத்தினார்.

"சின்ன ஆக்சிடென்ட்தான். பெரிசு பண்ணாதீங்க" என்றார், முழங்கால் மணலைத் தட்டிக்கொண்டே. அனு பக்கம் திரும்பவே இல்லை. போன் எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

பதிவு செய்திருந்தது. படகு நகரத் தொடங்கும் இடம் வரை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினார். அந்த வீடியோவுக்குச் செங்கல்பட்டில் சால்வை போட்டார்கள். மேடையில், "கடலோரக் குழந்தைகளுக்கு அவர்கள் மொழியிலேயே அறிவியல்" என்று உருகினார்.

அரையாண்டுத் தேர்வில் உராய்வைக் குறைக்கும் வழிகளைக் கேட்டிருந்தார்கள். அனு எழுதியிருந்தாள்: 'உருளை போடலாம். சரிவாக இருந்தால் பின்னாலும் கயிறு கட்டிப் பிடிக்க வேண்டும்.' அதற்குப் பெரிய சுழி.

"ஏன் சார், சரிதானே?" என்றேன்.

"புக்ல இல்லாததுக்கு எப்படி சார் மார்க் போடறது?"

"அன்னிக்கு நீங்க ஓடினதும் புக்ல இல்ல."

முகம் கறுத்து எழுந்து போனார். ஆறு வருடத்தில் நான் அவரிடம் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான்.

ஜூனில் அவருக்குப் பதவி கிடைத்தது. இப்போது மற்ற ஆசிரியர்களுக்கு அறிவியல் எப்படி நடத்துவது என்று பயிற்சி கொடுக்கிறார். கிளம்பும் நாளில் எல்லோருக்கும் பேனா கொடுத்தார். நான் வாங்கவில்லை.