ரொக்கெற் விமானங்களைப் பற்றிப் பேசியவர்

கரம்பொன்னில் அவர் பஸ் ஏறும்போதே கால்கள் வீங்கியிருப்பது தெரியும். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சேட்டு. என் அம்மாவைப் போலவே சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு வருபவர். தபால் கந்தோரில் வேலை செய்தவர் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது.

வேலணை தாண்டியதும் ரொக்கெற் விமானங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். வலது கையையே விமானமாக்கி, முன் சீற்றின் கம்பிக்கு மேலால் பறக்கவிட்டுக் காட்டுவார். அம்மா தன் தலையிடியை மறந்து கேட்டுக்கொண்டு வருவா.

ஒருநாள், உலகப் போர்க்காலத்தில் ஜெர்மன்காரர் செய்த சின்ன விமானமொன்றைப் பற்றிச் சொன்னார். மேலெழும்பியதும் ஓடுபாதையில் உருண்டுவந்த தன் சில்லுகளைக் கழற்றி விழுத்திவிடுமாம். சில நிமிடங்களில் எரிபொருளும் தீர்ந்துவிடுமாம்.

"பிறகு என்னெண்டு இறங்கிறது, ஐயா?" என்றேன்.

"எஞ்சின் இல்லாமல் சறுக்கித்தான். இடம் பிழைச்சால் திரும்ப எழும்ப ஏலாது. மிச்ச எரிபொருள் கிடந்தால் வெடிக்கும். இறங்கேக்கை கனபேர் செத்தவை."

"தெரிஞ்சுகொண்டே ஏறினவை?"

"ஓம். அந்த வேகத்திலை அதுக்கு முதல் ஒருத்தரும் பறக்கேல்லை."

அடுத்த கிழமை அவர் வரவில்லை. வீடு தேடிப் போனேன். முகமும் வீங்கியிருந்தது.

"இனி நான் ஆஸ்பத்திரிக்கு வரேல்லை. இவ்வளவு நாளும் இழுத்தது காணும்," என்றார். "அம்மாட்டைச் சொல்லாதையும். அவ போய்வரட்டும்."

அம்மா ஒவ்வொரு முறையும் அவரைக் கேட்கிறா. வேறு நாளில், வேறு பஸ்ஸில் போகிறார் என்று சொல்லிவைக்கிறேன். எங்களோடு கதைத்துச் சிரித்துக்கொண்டு வந்த எந்தப் பயணத்தில் அவர் அந்த முடிவை எடுத்தார் என்பது மட்டும் எனக்கு விளங்கவேயில்லை.