அலுமாரிக்குள் எடுத்த பாடங்கள்

இறந்துபோன என் கணவரோடு நான் கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் நம்பினார்கள். வீடு என்றால் அம்மாவும் அக்காவும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன். என் குரல் மட்டும் நெடுநேரம் வெளியே கேட்கும். ஒருநாள் அக்கா யன்னல் இடுக்கால் எட்டிப் பார்த்திருக்கிறாள். திறந்த அலுமாரிக்குள் தலையை நீட்டி, அவருடைய சட்டைகளைப் பார்த்து நான் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர்களுடைய நம்பிக்கையைக் குறைசொல்ல இயலாது. என் பேச்சு நிற்க வேண்டுமென்று மடுக் கோயில் மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்கள். அங்கிருந்து கொண்டுவந்த மண்ணை அக்கா என் தலையணைக்குக் கீழே முடிந்து வைத்தாள்.

நான் செய்துகொண்டிருந்தது வேறு. திரைக்கதை எழுதுவதைச் சொல்லிக்கொடுக்கும் காணொளிகளுக்குக் குரல் பதிவுசெய்துகொண்டிருந்தேன்.

தொடங்கியவர் அவர்தான். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் படப்பிடிப்புகளுக்கு எடுபிடி வேலைக்குப் போய், எறிந்துவிட்ட திரைக்கதைத் தாள்களைப் பொறுக்கிவந்து படித்தவர். எங்கள் கடலோர ஊரான பேசாலைக்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் குடியேறிய பின், ஊரைவிட்டுப் போக நினைக்கும் ஒரு பெண்ணைப் பற்றித் தானும் ஒன்று எழுதினார். படமாக்க ஒருவரும் முன்வரவில்லை.

“தெரிஞ்சதையாவது சொல்லிக் குடுப்பம். நீ கதை, நான் போனைப் பிடிக்கிறன்” என்றார்.

அவருடைய திரைக்கதையையே பாடமாக்கி, காட்சி காட்சியாக விளக்கினேன். பாதியில் சிறுநீரக நோய் அவரைக் கொண்டுபோயிற்று. படம்பிடிக்க ஆளில்லாததால், அவருடைய கையெழுத்துத் தாள்களின் படங்களோடு குரலை மட்டும் சேர்த்தேன். கடைசிக் காட்சிவரை சொல்லி முடித்துவிட வேண்டும். எனக்கிருந்த எண்ணம் அது ஒன்றுதான்.

யன்னலைத் திறந்தால் சோளகக் காற்றின் இரைச்சல். மூடினால் வெறுஞ் சீமெந்துச் சுவர்களில் குரல் எதிரொலித்தது. தொங்கும் துணிகளுக்குள் பேசினால் எதிரொலி அடங்கும் என்பதைத் தற்செயலாகவே கண்டேன்.

ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும் இறந்தவரின் உடுப்புகளை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அக்கா பையோடு வந்தாள்.

“உடுப்பெல்லாம் எடுக்கப்போறன். குறுக்க நில்லாதை.”

“அக்கா, அது சத்தத்துக்கு. எதிரொலிக்காமல் இருக்க.”

“ஓமடி, உன்ரை சீலையைத் தொங்கவிட்டால் எதிரொலிக்குமோ?”

அவள் சொன்னது சரி. சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். ஆனால் அந்த இடத்தில் சேலைகளை மாட்ட எனக்குக் கை வரவில்லை. வெற்று அலுமாரியைப் பார்த்து ஒரு பாடம் பதிந்தேன். பாடத்தைக் கேட்டவர்கள், கிணற்றுக்குள்ளிருந்து கதைப்பதுபோல இருக்கிறதென்று எழுதினார்கள். அத்தோடு நிறுத்திவிட்டேன்.

என் குரல் ஓய வேண்டுமென்று நேர்ந்துகொண்டவள் அக்கா. ஓய்ந்தபோது அவளால் தாங்க முடியவில்லை. தன் போனில் என் பாடங்களைத் தேடியெடுத்து, முதலிலிருந்து கேட்டிருக்கிறாள். படகும் வலையும் வைத்து மீன்பிடித் தொழில் நடத்தும் சம்மாட்டிமாரின் கிழிந்த வலைகளைப் பொத்துகிற வேலை அவளுடையது. ஒரு மதியம், முற்றத்தில் கிடந்த வலைகளை இழுத்துவந்து என் அறையில் சுவரோரமெல்லாம் குவித்தாள்.

“நாறும். ஆனால் கதைக்கலாம்” என்றாள். பிறகு, “அந்தப் பொம்பிளை ஊரிலை நிக்கிறாளோ, போறாளோ? சொல்லாமல் நிப்பாட்டிப்போட்டாய். உன்ரை மனுசன் என்னதான் எழுதிவைச்சவர்?” என்று கேட்டாள்.

“இருந்து கேளன்.”

“இருக்கிறன். எனக்கு வேலை கிடக்கு, நீ கதை.”

திரைக்கதையின் கடைசிக் காட்சியில், போக ஆயத்தமான பெண் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்து, உடுப்புகளை மறுபடி கொடியில் போடுகிறாள். துயரத்தை வாயால் சொல்லவிடாமல் கைக்கு ஒரு வேலை கொடுத்திருப்பதைக் கவனியுங்கள் என்று சொல்லிப் பாடத்தை முடித்தேன். அக்கா தலை நிமிரவில்லை. ஊசி வலைக்குள் போய்வந்துகொண்டிருந்தது.

அம்மா பின்னர் காலமானார். அவருடைய சேலைகளை நானே மடித்துக் கொடுத்தேன். பாடங்கள் தொடர்கின்றன. வலைகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. வீட்டில் அக்காவும் நானும் இருக்கிறோம்.