குதிரையின் பின்பாதி

அந்த நாடகக் குழுவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பின்னங்கால். அவ்வளவுதான். "பின்னங்கால் வந்தாச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்பார்கள், கருவிப் பையை வாசலில் இறக்கி வைத்தபடி "வந்தாச்சு, வந்தாச்சு" என்பார் அவரும்.

பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு மாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் இறங்கி, கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டு, பிரேக் கட்டையைத் தட்டிப் பார்த்து, மேலே ஏறி வருகிற வேலை. வாரத்தில் இரண்டு மாலை சமுதாயக் கூடத்துக்கு வந்து ஒரு துணிக் குதிரையின் பின்பாதியாகக் குனிந்து நிற்பார். பதினான்கு வருடமாக இதேதான். முன்பாதி அவருடைய மனைவியின் அண்ணன், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். முன்பு பின்காலாக இருந்த ஆளுக்குக் குடலிறக்கம் வந்தபோது, "மாப்பிள்ளை, சும்மா ஒருநாள் வந்து குனிஞ்சு நில்லுங்க" என்று கூப்பிட்டார் மச்சான். அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை.

குதிரைத் தோலுக்கு வெளியே "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை" என்று மரியாதை வழியும். தோலுக்குள் போய்ப் பித்தான் போட்டதும் "நகருய்யா, காலை மிதிக்காதே" என்று ஆகிவிடும். உள்ளே வைத்துப் பேசியது எதையும் இருவரும் வெளியே எடுத்து வருவதில்லை. நாடகம் முடிந்ததும் முன்னால் இருப்பவர் தலையைக் கழற்றி முகம் காட்டுவார், கைதட்டலை அள்ளுவார். பின்னால் இருப்பவர் குனிந்தபடியே வாலை ஆட்டுவார். மகள் சின்னவளாக இருந்தபோது "அப்பா எங்கம்மா?" என்று அரங்கத்திலேயே சத்தம் போட்டுக் கேட்க, "வால் ஆடுது பார், அதான் அப்பா" என்று அம்மா காட்டியிருக்கிறாள்.

அவருக்கு இதில் குறையொன்றும் கிடையாது. பார்க்க வேண்டியது முன்னால் இருப்பவர் வேலை. நடக்க வேண்டியது தன் வேலை. மச்சானின் இடுப்புப் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்திரையிலிருந்து மேடை விளிம்புவரை பதினெட்டு எட்டு நடை. அங்கே குதிரை தலையைத் தாழ்த்தும். முதல் வரிசைக் குழந்தைகள் காகிதக் கேரட்டை நீட்டுவார்கள். ஒரு வருடமல்ல, பதினான்கு வருடமும் அந்த இடத்தில்தான் குழந்தைகள் அலறிச் சிரித்திருக்கிறார்கள்.

இந்த வருடம் குழுவுக்குப் புதுத் தலைவி. ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வரப்போகும் சீசனுக்கான பட்டியலை எல்லோர் கையிலும் ஒரு தாளாகக் கொடுத்தார். நான்கு நாடகங்கள், அதில் மூன்று முழுக்கப் பாட்டு. 'கடிகாரம் திருடிய காகம்', 'பாடும் பேக்கரி', 'மூன்று சக்கரக் கோமாளி', 'குதிரை சொன்ன சாட்சி'.

"எல்லாமே குடும்பத்தோட வந்து பார்க்கற மாதிரி," என்றார் பாட்டு டீச்சர். "சாவு கிடையாது. ரத்தம் கிடையாது. வில்லனுக்கு அதிகபட்சம் ஜலதோஷம் பிடிக்கலாம்."

குழுவில் இருந்த மருந்துக்கடை அம்மா கை தூக்கினார். "தும்மினா முன்வரிசைல படாம பார்த்துக்கணும்."

"அப்புறம் ஒரு விஷயம். குழந்தைங்க நம்ம குதிரைக்காகத்தான் வர்றாங்க. அதனால நாலு நாடகத்திலயும் குதிரை உண்டு."

பின்னங்காலுக்கு ஜிவ்வென்று இருந்தது. பக்கத்தில் மச்சான் தாளை முகத்துக்கு நேரே பிடித்தபடி, "என்ன மாப்பிள்ளை, நம்மளப் பத்தி எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார் போல என்று இவர் விரல் வைத்துக் காட்டினார். அதைத் தாண்டி ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மேடையிலும் ஒரு மாற்றம். வாத்தியக்காரர்கள் கீழே உட்கார இடம் வேண்டுமென்று முன்பக்கப் பலகைகளை நான்கடிக்கு எடுத்துவிட்டார்கள். புது விளிம்பு நெடுக மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. "எல்லாரும் பார்த்துக்குங்க," என்று டீச்சர் இரண்டு முறை சொன்னார்.

முதல் ஒத்திகை. தோலுக்குள் வழக்கமான வியர்வை நாற்றம். பின்திரை விலகியது. பின்னங்கால் எண்ணத் தொடங்கினார். முன்பெல்லாம் மனசுக்குள் எண்ணுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் மச்சான், "சத்தமா எண்ணுய்யா, தாளம் தப்பாம இருக்கும்" என்றார். அதிலிருந்து வாய்விட்டு எண்ணுகிறார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பலகையை எடுத்தது நினைவில் இருந்தது. இருந்தால் என்ன, டேப்பைப் பார்த்து மச்சான் நின்றுவிடப் போகிறார். வாய் பாட்டுக்கு எண்ணியது. பதிமூன்று. பதினான்கு.

பதினைந்தில் பெல்ட் சட்டென்று முன்னால் இழுபட்டுக் கீழே போனது.

பாரம் ஏறிய லிஃப்ட் பெட்டி நழுவும்போது வடத்தில் தெரிகிற அதே இழுப்பு. யோசிக்க நேரமில்லை. இரண்டு காலையும் பரப்பி, இருக்கிற எடை முழுவதையும் பின்னால் போட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். மச்சான் அவர் மடியில் வந்து விழுந்தார். வெளியே பார்த்தவர்களுக்கு ஒரு குதிரை அந்தரத்தில் காலை நீட்டிப் பார்த்துவிட்டு நாய்போலப் பின்பக்கத்தை ஊன்றி உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"பிரமாதம்!" என்று டீச்சர் கைதட்டினார். "இதை அப்படியே வெச்சுக்கலாம். ஒவ்வொரு ஷோவிலயும் விளிம்பில ஒரு காலைத் தூக்கி வெளிய விடுங்க!"

குழுவில் இருந்த பஸ் டிரைவர் விசிலடித்தார். அந்தச் சத்தத்துக்கெல்லாம் நடுவில், தோலுக்குள், மச்சானின் குரல் அவர் காதோரம் நடுங்கியது.

"மாப்பிள்ளை… விளிம்பு எங்கய்யா இருக்கு?"

முதலில் அது அவருக்குக் கேலியாகப் பட்டது. அப்புறம் அன்றைக்குத் தாளில் இவர் விரல் வைத்துக் காட்டியது ஞாபகத்துக்கு வந்தது.

உடைகள் தொங்குகிற அறைக்குள் மச்சானைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். பல்பு வெளிச்சத்தில் மச்சானின் முகம் வெளுத்திருந்தது.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம். கண்ணுக்குள்ள அழுத்தமாம். ஓரமெல்லாம் போயிடுச்சு. குழாய் வழியா பார்க்கற மாதிரி நடுவில மட்டும் கொஞ்சம் தெரியும். வெளிச்சத்தில சமாளிச்சுடுவேன். இருட்டுல, குதிரை வாய்ல இருக்கற வலைக்குப் பின்னால…" கையை விரித்தார். "ஒண்ணும் கிடையாது."

"அப்ப எப்படி நடந்தீங்க?"

"நீ எண்ணினே. நான் நின்னேன்."

பின்னங்கால் பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடம். இருபத்து நான்கு காட்சிகள். முன்னால் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று இவர் நடந்திருக்கிறார். பின்னால் இருப்பவர் எண்ணிக்கொள்வார் என்று அவர் நடந்திருக்கிறார். ஒரு குதிரை, முன்னும் பின்னும் கண்ணே இல்லாமல், முதல் வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த குழந்தைகளை நோக்கி மாதாமாதம் போயிருக்கிறது. ஒரு எட்டு நீளமாக வைத்திருந்தால்? தும்மல் வந்து எண்ணிக்கை விட்டுப்போயிருந்தால்? பின்னங்கால் பிடரியில் பட ஓடுவது என்று சொல்வார்களே, அப்படி ஓடிப்போய்விடலாம் போலிருந்தது அவருக்கு.

"சொல்லிடலாம் மச்சான். டீச்சர்கிட்ட."

"டீச்சருக்குத் தெரிஞ்சா ராத்திரிக்குள்ள உங்க வீட்டுக்குத் தெரியும். என் தங்கச்சி என்ன பண்ணுவா? என்னைக் கூட்டிட்டுப் போய் உங்க ஹால்ல உட்கார வெச்சுடுவா. ரேடியோ பக்கத்தில இன்னொரு ரேடியோ மாதிரி. இந்தக் குதிரை ஒண்ணுதான்யா நான் இன்னும் போய்க்கிட்டிருக்கற இடம். அவகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

செய்து கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

"அப்ப நீங்க பின்னாடி வாங்க," என்றார். "பின்னாடி இருக்கறவனுக்குக் கண்ணு எதுக்கு?"

மச்சானின் மீசை துடித்தது. "தங்கச்சி புருஷன் பின்பக்கம் நான் குனிஞ்சு நிக்கணுமா?"

"பதினாலு வருஷமா உங்க பின்பக்கத்தை நான் பார்க்கலையா? குறைஞ்சா போயிட்டேன்?"

மச்சான் மூக்கை உறிஞ்சினார்.

அடுத்த கூட்டத்தில் பின்னங்கால் எழுந்து நின்றார். அவர் எழுந்து பேசி அந்தக் கூடம் பார்த்ததே இல்லை. "இந்த சீசன்ல நான்தான் முன்னாடி. மச்சான் பின்னாடி. இல்லாட்டி குதிரை வேண்டாம்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பின்னங்காலுக்குக் கொம்பு முளைச்சிருச்சு," என்றார் மருந்துக்கடை அம்மா.

"குதிரைக்கு ஏதும்மா கொம்பு?" என்றார் பஸ் டிரைவர். ஆனால் அவரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தபடி, "மாப்பிள்ளை ஆசைப்படறார். இருக்கட்டும்," என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வயசான மனுஷனை ஓரங்கட்டிய பாவி என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. பஸ் டிரைவர் வழக்கமாகக் கொடுக்கிற பாதி டீயை அன்றைக்குக் கொடுக்கவில்லை.

வீட்டில் அதைவிட மோசம். இவர் போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா இல்லாத வீட்டில் மனைவியைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்து, எல்லாம் அந்த அண்ணன்தான்.

"என்னங்க, நிஜமா?" அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "எங்க அண்ணனைப் போய் உங்க பின்னாடி குனிய வெச்சுட்டீங்களா? பார்க்கறவங்க சிரிக்கமாட்டாங்க?"

"குதிரையைப் பார்த்துச் சிரிக்கத்தானே வர்றாங்க."

"ஜோக்கடிக்காதீங்க. ஏன்னு ஒரு காரணம் சொல்லுங்க."

அவர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். "முதுகு வலி."

"பதினாலு வருஷமா இல்லாத முதுகா? அவருக்கு அறுபத்தாறு ஆகுது. அவருக்கு முதுகே கிடையாதா?" என்றாள். "கைதட்டல் கேட்குதா உங்களுக்கு? என்கிட்ட சொல்லியிருந்தா நானே வீட்டில தட்டியிருப்பேனே."

அவருக்கு வாய்வரை வந்தது. சத்தியம் குறுக்கே நின்றது. மறுநாள் லிஃப்ட் குழிக்குள் நின்று வடத்தைத் துடைக்கும்போதும், அதற்கு அடுத்த நாளும், யாரிடம் எப்படிச் சொன்னால் யாருக்கும் சொல்லாத மாதிரி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு வழி தட்டுப்படவில்லை. மனைவி சாப்பாடு போட்டாள். பேசவில்லை.

இடம் மாற்றிய முதல் ஒத்திகை சனிக்கிழமை மாலை. மச்சான் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் போய்க் குனிந்தார். இவர் தலையை மாட்டிக்கொண்டார். குதிரையின் வாய் வழியாக, வலைக்கு அந்தப் பக்கம், முதல்முறையாக மேடையைப் பார்த்தார்.

மேடை இவ்வளவு சின்னதா? மனசுக்குள் அதை ஒரு மைதானமாக வைத்திருந்தார். இதோ, நாலு தாவு தாவினால் முடிந்துவிடுகிற நீளம். மஞ்சள் டேப்புக்கு நேர் கீழே வாத்தியக்காரர்கள் தாளத் தட்டு மாட்டுகிற இரும்புக் கம்பி, மேல்நுனி கூராக, நிமிர்ந்து நின்றது. அன்றைக்கு மச்சானின் கால் தொங்கிய இடம் அதுதான்.

டேப்பிலிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றுவிட்டார். தலையைத் தாழ்த்த வேண்டிய இடம். தாழ்த்தினார். முதல் வரிசையில், வலது ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்யா அசையாம நிக்கறே?" என்றது பின்பக்கம்.

"உங்க தங்கச்சி வந்திருக்கா."

"எங்க?"

"முதல் வரிசைல."

பின்னால் பித்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கிற சத்தம். குதிரையின் பின்பாதி பிளந்து, மச்சான் வியர்வையோடு நிமிர்ந்து வெளியே வந்தார். கீழே வாசித்துக்கொண்டிருந்த பியானோ நின்றது. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தங்கை கோபித்துக்கொண்டால் பேசுகிற குரலில் பேசினார்.

"இங்க பாரும்மா. மாப்பிள்ளை மேல கோபப்படாதே. அவர் ஒண்ணும் என்னைத் தள்ளல. எனக்கே முன்னாடி நின்னு நின்னு அலுத்துப்போச்சு. நானாத்தான் பின்னாடி போறேன்னு கேட்டேன். முகத்தை இப்படி வெச்சுக்காதே. கொஞ்சம் சிரி, பார்ப்போம்."

அவர் பேசிக்கொண்டிருந்தது இடது ஓரத்து நாற்காலியிடம். அதில் யாரோ போட்டுவிட்டுப் போன மழைக்கோட்டு ஒன்று சாய்ந்து கிடந்தது.

மருந்துக்கடை அம்மாவின் கை வாய்க்குப் போனது. டீச்சர் மச்சானைப் பார்த்தார், மழைக்கோட்டைப் பார்த்தார், அப்புறம் மஞ்சள் டேப்பைப் பார்த்தார். பின்னங்கால் குதிரைத் தலைக்குள்ளிருந்து மனைவியை மட்டும் பார்த்தார். அவள் கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்தன. எழுந்தாள்.

"அண்ணா," என்றாள். "நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

மச்சானின் தலை மெதுவாகக் குரல் வந்த திசைக்குத் திரும்பியது. தோளிரண்டும் இறங்கின.

அவள் மேடைக்கு அருகே வந்து கையை நீட்டினாள். "வாங்க. வீட்டுக்குப் போகலாம்."

"ஒத்திகை இன்னும் முடியலம்மா," என்றார் அவர். பிடிவாதம் அல்ல. கெஞ்சல்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். குதிரை முகத்தில் என்ன தெரிந்திருக்கும் அவளுக்கு? இருந்தாலும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு, முதல் வரிசையின் முன்னால் நடந்துபோய், இடது ஓரத்து நாற்காலியில், அந்த மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள். "முடிச்சுட்டு வாங்க."