மரியாதையான சாலை

டெல்லியில் லோதி காலனியின் அரசுக் குடியிருப்பிலிருந்து, ஆசிரம் சந்திப்புக்கு அப்பால் இருந்த என் கல்லூரிக்குப் பேருந்திலேயே போய்விடலாம் என்று சொன்னவர்கள் அனைவரும் ஆண்கள். அந்தப் பேருந்தில் ஒரு பெண் எப்படி நிற்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், எம்.ஏ. முதலாண்டு முழுவதும், புத்தகப் பையை மார்போடு அணைத்தபடி, விரல்களுக்கிடையே ஓர் ஊக்கை மறைத்துக்கொண்டு போய்வந்தேன். இரண்டாம் ஆண்டில் யாரோ விற்ற பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வீட்டுக்கு வந்தது. ஊக்கு தையல் பெட்டிக்குத் திரும்பியது.

கல்லூரிக்கு நேர்வழி மதுரா ரோடு. அங்கே லாரிகள் சைக்கிள்காரர்களைச் சாலையோரத்துக் குப்பையைப் போலத்தான் நடத்தின. குளிர்காலம் தொடங்கிய ஒரு காலையில் ஒரு லாரியின் பக்கப் பலகை என் கைப்பிடியை உரசியது. நான் மண்ணில் விழுந்தேன், லாரி நிற்கவில்லை. முழங்கைச் சிராய்ப்பை ஒரு வாரம் முழுக்கைச் சட்டையால் மறைத்தேன். வளைந்த கைப்பிடியை மறைக்க முடியவில்லை.

"ஒழுங்கான வழி ஒண்ணு இருந்தாச் சொல்லு. இல்லைன்னா சைக்கிளை வித்துப்போட்டு வீட்ல இருந்தே தபால்ல படி" என்றார் அப்பா.

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரு கோரிக்கையைத் திருப்பி அனுப்பும் குரலில் சொன்னார். ஆனால் நான் இழக்கவிருந்தது சைக்கிளை மட்டுமல்ல. வகுப்பறையும் நூலகமும் வீட்டைவிட்டு வெளியே கழியும் பகலும் அதனோடு சேர்ந்தே போகும். மாதம் ஒருமுறை தபால்காரர் கொண்டுவரும் உறைக்குள் இலக்கியம் இருக்கும் என்று நம்புமளவுக்கு நான் அப்பாவியாக இருக்கவில்லை.

அப்பா மத்திய அரசில் பிரிவு அதிகாரி. எந்த முடிவையும் மேலே அனுப்பியே பழகியவர். எங்களுக்கு மேலே, மாடியில், ஓர் அண்டர் செக்ரட்டரி குடியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். காலனித் தமிழர்களின் பிள்ளைகள் எந்தப் பாடம் எடுக்கலாம், எந்த வரனுக்குப் பதில் எழுதலாம் என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் புல்வெளியில் அவர் முன்னிலையில்தான் தீர்மானமாகும். வெயிலுக்காக நாற்காலிகளை வெளியே போட்டு, மப்ளரைத் தளர்த்திக்கொண்டு, ஆண்கள் வேர்க்கடலை உடைத்தார்கள். என் வழியும் அந்தத் தோல்களுக்கிடையே ஆராயப்பட்டது.

"பாரும்மா, பெரிய மனுஷங்க பங்களா இருக்கிற ரோடு வழியா போ. கொஞ்சம் சுத்துதான். ஆனா வாசலுக்கு வாசல் காவலுக்குச் சந்த்ரி நிப்பான். ஒரு ஈ காக்கா இருக்காது" என்றார் அவர்.

"மரியாதையான ரோடு" என்று இன்னொருவர் ஆமோதித்தார்.

அவர்கள் அந்தச் சாலையை அலுவலகம் போகும் சார்ட்டர்ட் பஸ்ஸின் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தார்கள். அங்கே ஈ காக்கா இல்லை என்பது உண்மைதான். வேப்ப மரங்கள் இருந்தன, நீண்ட மதில்கள் இருந்தன, அழகாக வெட்டிய வேலிகள் இருந்தன. மூன்றாம் நாள் ஒரு ஸ்கூட்டரும் வந்தது. அதில் இருவர். என் வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார்கள், பாடினார்கள், பின்சக்கரத்தைக் காலால் தொட்டுத் தொட்டு விட்டார்கள். துப்பாக்கியோடு நின்ற சந்த்ரி இதை ரசித்துப் பார்த்தான். அவன் காவல் காத்தது கேட்டை, சாலையை அல்ல. பெரிய மனிதர்களின் சாலை என்றால் அங்கே பெரிய மனிதத்தனமும் இருக்கும் என்று நம்ப, அரசு உத்தியோகத்தில் நெடுங்காலம் கழித்திருக்க வேண்டும்.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்கூட்டர்காரர்களுக்கு எதுவும் ஆகாது. என் சைக்கிள்தான் போகும்.

எனவே வழியை நானே தேடினேன். வகுப்பு சீக்கிரம் முடிந்த பகல்களில் கண்ணில் பட்ட தெருக்களுக்குள்ளெல்லாம் நுழைந்து பார்த்தேன். பல தெருக்கள் மதிலில் முட்டி நின்றன. ஒரு பகல், போகல் என்ற கடைத்தெருவைத் தாண்டி ஜங்புராவின் விளிம்பில், பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயின் மேலிருந்த பழைய கல் பாலத்துக்கு வந்து சேர்ந்தேன். பாலத்தின் இருபக்கமும் காய்கறிக் கடைகள். நடுவே ஒரு சைக்கிள் நுழையும் இடம். லாரி அதில் நுழையவே முடியாது. கீழே சாக்கடை நாறியது. மேலே வெந்தயக் கீரையும் கொத்தமல்லியும் அந்த நாற்றத்தோடு விடாமல் போட்டியிட்டன. பாலத்தையொட்டி, தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப்பின் குடிசைகள். எங்கள் காலனியில் அந்தப் பெயரை முகம் சுளிக்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். நிஜாமுதீனிலும் ஜங்புராவிலும் லோதி காலனியிலும் பாத்திரம் தேய்க்கும் பெண்கள் காலையில் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள்.

"பெல்லு அடிக்க மாட்டியா? காலேஜுல அது சொல்லித்தர்லியா?" என்று முதல் நாளே ஒரு குரல் கேட்டது. எங்கள் மாடிவீட்டில் வேலை செய்யும் பெண்மணி. என்னை அடையாளம் கண்டதும் குரல் மாறியது. "அட, கீழ்வூட்டுப் பாப்பா. என்னா இந்தப் பக்கம்?"

"காலேஜுக்கு அக்கா. இந்த வழி லாரி இல்லாம இருக்கு."

"லாரி இல்ல. வாய் இருக்கு. காத மூடிக்கினு போ."

வாய் இருந்தது உண்மை. என் ஜடையும், என் செருப்பும், நான் மிதிக்கும் விதமும் தினமும் விமர்சனத்துக்குள்ளாயின. ஆனால் என் கல்லூரியில் கிடைத்த விமர்சனங்களைவிட அவை சுருக்கமானவை. ஒரு நாள் அந்த ஸ்கூட்டர் பாலம் வரை என்னைத் தொடர்ந்து வந்தது. காலிஃபிளவர்க் குவியல்களுக்கு நடுவே அது சிக்கிக்கொண்டதும் ஒரு கடைக்காரப் பெண் எழுந்து நின்று, "க்யா லேகா, பையா?" என்று, என்ன காய் வேண்டுமெனக் கேட்டாள். அவர்கள் வண்டியைப் பின்னால் தள்ளப் பார்த்தார்கள். அவள் விடவில்லை, ஒவ்வொரு காயின் விலையாகச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். பாலம் முழுதும் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு அந்த ஸ்கூட்டரை நான் பார்க்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, புல்வெளியிலிருந்து அப்பா கூப்பிட்டார். மாடிவீட்டுக்காரர் நாற்காலியைப் பாதையின் குறுக்கே போட்டு அமர்ந்திருந்தார்.

"உங்க பொண்ணு தினம் மதராசி கேம்ப் வழியா போறதா ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். எனக்குத்தான் தலைகுனிவா இருக்கு" என்றார் அப்பாவிடம்.

"அங்கனயா போற?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா."

"நான் சொன்ன ரோட்டுக்கு என்னம்மா குறைச்சல்? கேம்ப்ல இருக்கிறதெல்லாம் திருட்டுப் பசங்க, குடிகாரப் பசங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்றார் மாடிவீட்டுக்காரர்.

அப்பாவின் பார்வை என் சைக்கிளுக்குப் போனது. அது விற்கப்போகும் பொருளைப் பார்க்கும் பார்வை. மரியாதையான சாலையைப் பற்றிய உண்மையைச் சொன்னாலும் முடிவு அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. ஆகவே வேறொன்றைக் கேட்டேன்.

"உங்க வீட்டோட இன்னொரு சாவி இப்ப எங்க அங்கிள் இருக்கு?"

"என்ன கேள்வி இது?"

அவரும் பள்ளி ஆசிரியையான அவர் மனைவியும் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பாலத்தில் என்னை அடையாளம் கண்ட அந்த வேலைக்கார அம்மாள் தன்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்து, வேலையை முடித்துப் பூட்டிக்கொண்டு, சாவியை இடுப்பில் செருகிப் போவார். அரசின் விடுப்புப் பயணச் சலுகையான எல்.டி.சி.யில் அவர்கள் ஊருக்குப் போகும் மாதமும் சாவி அந்த இடுப்பில்தான். காலனியில் பாதி வீடுகளின் ஏற்பாடு இது.

"பாத்திரம் தேய்க்கிற அம்மாகிட்டதான இருக்கும்" என்றார் கணக்குத்துறையில் வேலை செய்த ஒருவர், ஆரஞ்சை உரித்தபடி.

"அவங்க எங்க இருக்காங்க?" என்றேன்.

மதராசி கேம்ப்பில் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆரஞ்சுக்காரர் மட்டும் சிரித்தார். "பீரோ இருக்கிற வீட்டுச் சாவிக்கே சரின்னு பட்ட இடம் சார். பொண்ணுக்குப் பத்தாதா?"

அண்டர் செக்ரட்டரி ஒரு கடலையை வெகுநேரம் உடைத்தார். உள்ளே பருப்பு இல்லை. பிறகு, "பாலத்தோட நிறுத்திக்கம்மா. உள்ள சந்துக்குள்ள போகாதே" என்றார். சந்துக்குள் போக நான் அனுமதி கேட்டிருக்கவில்லை. இருந்தாலும் ஏதோ ஒன்றை அனுமதிக்காமல் அவரால் அந்த உரையாடலை முடிக்க முடியவில்லை.

மேலதிகாரியின் ஒப்புதல் கிடைத்ததும் அப்பாவின் முகம் தெளிந்தது. "சரி, வெளிச்சம் இருக்கப்பவே வந்துரு" என்றார். மகள் சொன்னதில் நியாயம் இருந்ததா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அது அவர் மட்டத்தில் முடிவாகும் விஷயம் அல்ல.

சில வாரங்கள் கழித்து, அதே புல்வெளியில், மகளைச் சைக்கிளில் அனுப்பத் தயங்கிய வேறொரு தகப்பனாரிடம் மாடிவீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "கல் பாலம் வழியா அனுப்புங்க. நான் விசாரிச்சுச் சொன்ன வழிதான். பயமே இல்ல, அங்க எல்லாம் நம்ம ஜனங்க."

அவர் நாற்காலி அன்றும் பாதையின் குறுக்கே இருந்தது. நான் மணியை அடித்தேன். திரும்பிப் பார்க்காமலே காலை மட்டும் மடக்கிக்கொண்டார். சைக்கிள் போவதற்கு அந்த இடம் போதும்.