மெர்வின் அனுமதி கேட்ட பாதை

மெர்வின் பிரீஸோடு நாலு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தாற்போல் சைக்கிள் ஓட்டினால் உங்களுக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். நான் இருபத்து மூன்று வருடமாக ஓட்டுகிறேன். ஆட்டுக்கு வழிவிட்டு, போதாக்குறைக்கு அதனிடம் "மன்னிச்சுக்கம்மா" என்றும் சொல்லிவிட்டுப் போகிற ஆள் அவன். எதிரே குதிரையில் யாராவது வந்தால் ஐம்பது கஜத்துக்கு முன்னாலேயே இறங்கி, குதிரை மிரளாதபடி தூரத்திலிருந்தே காலை வணக்கம் சொல்லி, வேலியோரம் ஒண்டி நிற்பான். பின்னால் வருகிற நாங்கள் ஏழெட்டுப் பேரும் இறங்கித்தான் ஆக வேண்டும், ஏற்றத்தில் பாதி ஏறியிருந்தாலும் சரி.

நாற்பது வருடம் வீடுகளைச் சூடாக்குகிற எண்ணெய் பாய்லர் பழுதுபார்த்தவன். இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷயரின் தெற்கு மலைகளில் அவன் கை வைக்காத பண்ணைவீட்டு பாய்லர் கிடையாது. அதனால் எந்தச் சந்து எங்கே போய் முட்டும், மழைக்காலத்தில் எது சேறாகும், எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. எங்கள் குழுவுக்கு வழி போடுவது அவன்தான். எங்களுடையது சரளைக்கல் பாதைக்கென்றே செய்த, தடித்த டயர் சைக்கிள்கள். தார் ரோடு எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவுக்கு நல்ல வழி. வியாழக்கிழமையே சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, பச்சைக் கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பான். நீளக் கோடு குதிரைப்பாதை, சைக்கிள் போகலாம். குட்டைக் கோடு நடைபாதை, ஓட்டக்கூடாது. குட்டைக் கோடு வந்தால் இரண்டு மைலுக்கு ஈ காக்கை இல்லாவிட்டாலும் இறங்கித் தள்ளுவான்.

"யாருப்பா பாக்கப் போறா?" என்று கேட்பேன்.

"நான் பாக்குறேனே" என்பான்.

அவன் மனைவி கிளெனிஸுக்கு ஐந்து வருடத்துக்கு முன் கண் போக ஆரம்பித்தது. ஓரம் மங்கலாகத் தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. மெர்வின் ஒரு இரட்டைச் சைக்கிள் வாங்கி அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டான். அவளும் வாய் ஓயாமல் அவனை நக்கலடித்துக்கொண்டே மிதித்தாள். ஒரு நாள் மெயின் ரோட்டில் கல்குவாரி லாரி ஒன்று உரசுகிற மாதிரி கடந்து போனதில் இரண்டு பேரும் பள்ளத்தில் விழுந்தார்கள். கிளெனிஸுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அந்த ரோட்டில் அவள் ஏறவில்லை. அவளை நான் குறைசொல்ல மாட்டேன்.

அந்த ரோட்டை விட்டால் அவர்கள் வீட்டிலிருந்து மலைக்குப் போக ஒரே வழிதான் உண்டு, கிட்டின்ஸ் பாதை. ஒன்றரை மைல் தூரம். இரண்டு பக்கமும் வேலி, அடியில் சரளைக்கல், நடுவே ஒரு ஓடை. கிழவர் கிட்டின்ஸின் பண்ணைக்குள்ளே போகிற பாதை அது. எங்கள் குழு காலங்காலமாக அதில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வரைபடத்தில் அதற்கு நீளக் கோடும் இல்லை, குட்டைக் கோடும் இல்லை. யாரும் பதிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

கிட்டின்ஸ் செத்தார். பண்ணையை வாங்கிய நகரத்துக்காரர் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, தனியார் நிலம் என்று பலகையும் மாட்டிவிட்டார். இரட்டைச் சைக்கிள் கொட்டகையில் போர்வைக்கு அடியில் போனது. "எனக்கென்னப்பா, ரேடியோ இருக்கே" என்றாள் கிளெனிஸ். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். அடுத்த குளிர்காலத்தில் சிரிக்காமல் சொன்னாள். தேவாலயத்துக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை. மெர்வினின் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

சும்மா இருப்பேனா நான்? எங்கள் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு பாதையில் ஜனங்கள் இருபது வருடம் வெளிப்படையாக, வம்பு செய்யாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் தங்கள் உரிமை போலவே போய்வந்திருந்தால் அது பொதுப்பாதை ஆகிவிடும். அதற்கு மனு போட்டால் விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்வார்கள். குழுவின் செயலாளர் என்ற முறையில் பன்னிரண்டு பேரிடம் சாட்சிப் படிவம் எழுதி வாங்கினேன். கடைசியாக மெர்வின் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.

"ஹேசல், ஒரு சின்ன விஷயம்" என்றான்.

"சொல்லு."

"நான் கேட்டேன்."

"என்னத்தக் கேட்ட?"

"அனுமதி. வருஷா வருஷம் ஜனவரி மொத வாரம் ஒரு பழக்கேக்கோட கிட்டின்ஸ் வீட்டுக்குப் போவேன். இந்த வருஷமும் நாங்க வரலாமான்னு கேட்டுட்டு வருவேன்."

"நாங்கன்னா?"

"நாம எல்லாரும்தான். உனக்கும் சேத்துதான் கேட்டேன்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். எங்கள் யாருக்கும் தெரியாமல் எங்கள் எல்லார் தலையிலும் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறான், அதுவும் கேக்கோடு. அனுமதி வாங்கிப் போன பாதை எத்தனை வருடம் ஆனாலும் பொதுப்பாதை ஆகாது. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தனால்தான் இவ்வளவு மரியாதையாக ஊரைக் கெடுக்க முடியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் ஊரையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தது. கத்தித் தீர்த்துவிட்டு, பெருமைப்பட முடியாத ஒரு காரியம் செய்தேன்.

"கிட்டின்ஸ் போய்ச் சேந்தாச்சு. இனிமே இது உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். படிவத்துல எழுதாத. விசாரணையில வாயத் தெறக்காத."

"கேக்கலன்னா சொல்லமாட்டேன்."

"கேட்டா?"

"கேட்டா சொல்லணும்ல?"

அடுப்போரம் உட்கார்ந்திருந்த கிளெனிஸ் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். "அவன விட்டுரு ஹேசல். பொய் சொன்னா அவனுக்கு வயித்தால போகும். அப்புறம் நாந்தான் அவஸ்தப்படணும்." அந்தப் பாதை யாருக்கு எல்லாரையும்விட அதிகமாகத் தேவையோ, அவளே அப்படிச் சொன்னாள். நான் படிவங்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பிப்ரவரியில் ஊர்க் கூடத்தில் விசாரணை நடந்தது. ஹீட்டர் உறுமியது, வெப்பம்தான் வரவில்லை. விசாரணை அதிகாரி ஒல்லியான அம்மாள், பூட்ஸில் சேறு. காலையிலேயே பாதையை நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். புது உரிமையாளருக்காக வந்த வக்கீல் சின்ன வயசு, நல்ல மாதிரி. என்னிடம் வருடக்கணக்கைத் துருவித் துருவிக் கேட்டார். பன்னிரண்டு பேரில் நாலு பேர்தான் முழுசாக இருபது வருடம் தேறினோம். அப்புறம் மெர்வின் எழுந்து வந்தான், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற அதே கோட்டில்.

"ஐயா, இந்தப் பாதையில போறதுக்கு நீங்க எப்பவாவது அனுமதி கேட்டிருக்கீங்களா?" என்றார் வக்கீல்.

"கேட்டிருக்கேன்."

"ஒரு தடவையா?"

"இருபத்தோரு தடவை."

கூடத்தில் யாரோ முனகினார்கள். நான்தான். வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முன்வரிசையில் கிளெனிஸ் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். அதிகாரி அம்மாள் மட்டும் பேனாவை எடுத்தார்.

"அவர் என்ன பதில் சொன்னார்?"

மெர்வின் காதுவரை சிவந்துபோனான். "அத இங்க சொல்ல முடியாதும்மா. பொம்பளைங்க இருக்காங்க."

"பரவாயில்ல, சொல்லுங்க."

அவன் சொன்னான். முதல் வார்த்தையை நானும் இங்கே எழுதப்போவதில்லை. கூடத்தில் இருந்த எங்கள் பாதிரியார் கூரையைப் பார்த்தார். மிச்சம் இதுதான்: "'என்கிட்ட என்னத்துக்குடா வந்து கேக்குற? இது என் பாதையே இல்ல. எங்க தாத்தா காலத்துக்கு முன்னால இருந்தே ஊர்ப் பாதை. ஒன்னத் தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? அந்தக் கேக்கை வெச்சிட்டுப் போ'ன்னாரு."

"ஒவ்வொரு வருஷமும் இதையேவா சொன்னார்?"

"ஆமாம்மா. அந்த மொத வார்த்தகூட மாறல."

"அப்புறம் ஏன் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டீங்க?"

"ஒருவேள மனசு மாறியிருந்தாருன்னா?"

கூடமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் கிட்டின்ஸின் மகள் பெவர்லி எழுந்து, தானும் பேசலாமா என்று கேட்டாள். "எங்கப்பா எங்ககிட்டயும் அதத்தான் சொல்வாரு. ஊர்ப் பாதையில போறதுக்கு ஒரு கிறுக்கன் வருஷாவருஷம் என்கிட்ட அனுமதி கேக்குறான், நல்ல கேக்கு, அவன்கிட்ட யாரும் எதையும் சொல்லிக் கெடுத்துராதீங்கம்பாரு."

வக்கீல் மறுபடி எழுந்தார், யோசித்தார், உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுதி வாங்கிய படிவங்கள் போதவில்லை என்றுதான் ஜூன் மாதம் வந்த தீர்ப்பில் இருந்தது. ஆனால் நிலத்துக்காரரே இது பொதுப்பாதை என்று வருடந்தோறும் வாயால் ஒப்புக்கொண்டதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை என்று அதிகாரி எழுதியிருந்தார். கிட்டின்ஸ் பாதை இனி குதிரைப்பாதை. மெர்வின் என் பேச்சைக் கேட்டு வாயை மூடியிருந்தால் தோற்றிருப்போம். அன்று சமையலறையில், கிட்டின்ஸ் என்ன பதில் சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை. கத்துவதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

சங்கிலி கழற்றிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒன்பது பேர் போனோம். முன்னால் இரட்டைச் சைக்கிள், அதன் பின்னாலேயே நான். கிளெனிஸ் இரண்டு வருடம் மிதிக்காத காலால் மிதித்தாள். முதல் கால் மைல் அவள் வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, நக்கலடிக்கிற பழக்கமே விட்டுப்போயிற்றோ என்று. பிறகு டயருக்கடியில் கல்லின் சத்தம் மாறியது.

"ஓடை வருது. கியரக் குறை, மரமண்ட" என்றாள் கிளெனிஸ்.

அவன் குறைத்தான். தண்ணீர் இரண்டு பேர் காலிலும் அடித்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவும் முடியவில்லை, மூக்கை உறிஞ்சினேன்.

"மெர்வின், நிறுத்தாத, ஏத்தம் வருது" என்றாள் அவள். பிறகு தலையைத் திருப்பாமலேயே, "பின்னால யாருடி அது, ஹேசலா? அழுகைய அப்புறம் வெச்சுக்க. மூச்சு பத்தாது."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மிதித்தேன்.