கூரைக்காக வாங்கிய கையெழுத்து

அந்தப் பள்ளிக்கூடம் மூடியதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், கட்டிடம் பழசாம், எல்லோருக்கும் இங்கிலீஷ் மோகமாம். என்னைக் கேட்டால், என்னை முட்டாளாக்கித்தான் அதை மூடினார்கள்.

அடையாறு பக்கம், கடலை ஒட்டிய குப்பத்தில் இருந்த சின்னத் தொடக்கப் பள்ளி அது. இரண்டே அறைகள், தலைமையாசிரியையும் நானும். மழை வந்தால் பிள்ளைகளை ஒரே மூலையில் ஒண்ட வைப்போம். ஒரு மார்ச் மாதம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "கூரைக்கு மனு போடறேன். பெத்தவங்க கையெழுத்து வேணும். உன்னைத்தான் நம்புவாங்க, நீயே வாங்கிட்டு வந்துடு" என்றார். மேல் தாளில் கூரையைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு இரண்டு வெள்ளைத் தாள்கள். எந்த மனுவுக்கும் அப்படித்தான் வாங்குவோம். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா, இரண்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தாய், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இன்னா எழுதிகீது டீச்சர்?" என்றாள். படித்துக் காட்டினேன். "நீ சொன்னா சரி" என்று போட்டாள். தாளில் அவள் கை ஈரம் பட்டு மசி கொஞ்சம் கலங்கியது.

ஜூனில் போனால் கதவில் பூட்டு. பெற்றோரின் சம்மதத்தோடு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு இணைத்துவிட்டார்களாம். கல்வி அலுவலகத்தில் சண்டை போட்டு அந்தச் சம்மதக் கடிதத்தைப் பார்த்தேன். அதன் பின்னால் இணைத்திருந்தவை என்னுடைய இரண்டு தாள்கள். கலங்கிய மசியோடு.

தலைமையாசிரியைக்குப் போன் போட்டேன். "எப்படியும் மூடத்தான் செஞ்சிருப்பாங்க. ஏன் கத்தறே? உனக்கு மயிலாப்பூர்லயே இடம் கேட்டு வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றார். நன்றி வேறு எதிர்பார்த்தார் மகராசி.

மறுநாள் அந்த மீன்கார அம்மாவைத் தேடிப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மீனை அரிந்துகொண்டே கேட்டாள்.

"அந்த ஸ்கூலுக்கு நீயும் வர்றதான டீச்சர்? ரோட்ட தாண்டி அனுப்பணும், பயமாகீது."

"இல்லம்மா. என்னை மயிலாப்பூர்ல போட்டிருக்காங்க."

"உன் வூட்டாண்டயா?"

"ஆமாம்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "ஓரமா நில்லும்மா, யாவாரம் ஆவட்டும்" என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை.