அவன் இல்லாமல் எரியாத லாரி

எங்கள் முகாமில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த விளக்கு அணைந்தாலும் "ஃபியூஸைக் கூப்பிடு" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனே ஃபியூஸ் ஆகிவிட்டான். ராணுவ லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறவன். அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவன் நான். அவன் வேலையில் கெட்டிக்காரன்தான், வாய்தான் ஓட்டை. அந்த வாயை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகியும் அதை அவன் கையில் எடுத்ததில்லை. பிரசவத்துக்கு லீவு கேட்டான்; ஆள் பற்றாக்குறை என்றார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டான். நீ என்ன டாக்டரா என்றார்கள். முகாமுக்குள் கேமரா போனும் கூடாது. பொத்தான் போனில் அது கத்துகிற சத்தத்தைக் கேட்பதோடு சரி.

அப்போதுதான் கமாண்டர் ஒரு போட்டி வைத்தார். கிறிஸ்துமஸுக்கு லாரிகளை விளக்குகளால் அலங்கரிக்க வேண்டும். ஜெயிப்பவன் அந்த வாரம் முழுக்க வீட்டில் இருக்கலாம். ஃபியூஸ் ஓடிவந்து என் லாரியைப் பிடித்துக்கொண்டான்.

மற்றவர்கள் கடைத்தெருவில் வாங்கிய விளக்குச் சரங்களை நேராக பேட்டரியில் மாட்டினார்கள். சரங்கள் காருக்கானவை, பன்னிரண்டு வோல்ட். லாரியோ இருபத்துநான்கு. பட்பட்டென்று போயின. இவன் இரண்டிரண்டு சரங்களைத் தொடராக இணைத்து வோல்ட்டைச் சரிபாதியாகப் பங்கிட்டான். தார்ப்பாய்க் கம்பிகளின் மேல் பச்சையும் சிவப்பும், பானெட்டின் இரண்டு ஓரமும் மஞ்சள், முன்னால் பெரிய நட்சத்திரம். குலுங்கினால் இணைப்பு அறுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் சைக்கிள் டியூப்பால் சுற்றினான். எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரே சுவிட்ச்.

"கண்ணை மூடிக்கிட்டே போடலாம்ணே," என்றான்.

ஜெயித்தோம். கமாண்டர் லாரியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "பிரமாதம்யா. இதை வேற யாராவது இயக்க முடியுமா?" என்று கேட்டார்.

"நான் இல்லாம இது எரியாது சார்," என்றான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

நான் அவன் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

மறுநாள் உத்தரவு வந்தது. கிறிஸ்துமஸ் மாலை லாரி ஊரைச் சுற்றிவர வேண்டும். விளக்கை இயக்க ஃபியூஸ் கூடவே போக வேண்டும். லீவைப் பிறகு பார்க்கலாம். இரண்டு பேரும் கமாண்டரின் அறைக்கு ஓடினோம்.

"ஒரே ஒரு சுவிட்ச்தான் சார். அண்ணனே போட்டுடுவாரு."

"நீ இல்லாம எரியாதுன்னு நீதானே சொன்ன?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்."

"பட்டாளத்துல சும்மா பேச்சு கிடையாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "லீவு தர்றதா நீங்க சொன்னது மட்டும் சும்மா பேச்சா சார்?" என்று கேட்டுவிட்டேன். வெளியே போகச் சொன்னார்.

வராந்தாவில் அவனைப் பிடித்து உலுக்கினேன். "உனக்கு நாக்குலயாடா சனி? அந்தாளு கேட்டா ஆமா சாமி போட்டுட்டு வர வேண்டியதுதானே?"

"இத்தனை வருஷத்துல ஒரு பெரிய மனுஷன் நின்னு என் வேலையைப் பார்த்தது அன்னைக்குத்தாண்ணே," என்றான். அவனை அறைவதா, அந்த அறைக்குத் திரும்பிப் போய் அவரை அறைவதா என்று தெரியாமல் நின்றேன்.

கிறிஸ்துமஸ் மாலை லாரி ஊர்ந்தது. முன்னால் ஜீப்பில் கமாண்டர், தானே ஒவ்வொரு வயராக முறுக்கியது மாதிரி கையசைத்துக்கொண்டு போனார். சனம் கைதட்டியது. ஃபியூஸ் என் பக்கத்து இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் செய்ய அங்கே ஒரு வேலையும் இல்லை. கிளம்பும்போதே சுவிட்சை நான்தான் போட்டிருந்தேன்.

நாற்சந்தியில் கூட்டம் மறித்தது. காவல் அறையில் ஒப்படைத்திருந்த என் கேமரா போனை வரும்போது வாங்கி வந்திருந்தேன். அவன் மனைவியை வீடியோவில் கூப்பிட்டு, போனை அவன் கையில் கொடுத்தேன். திரையில் அவள் இடுப்பில் குழந்தை. அவன் முதலில் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி பானெட் விளக்குகளைக் காட்டினான். குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

"போதும், உங்களைக் காட்டுங்க. அப்பாவைப் பார்க்கட்டும்," என்றாள் மனைவி.

அவன் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு போனைத் தன் பக்கம் திருப்பினான். குழந்தை ஒரு கணம் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுது அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"யாரோ புது ஆளுன்னு பயந்துட்டா," என்றாள் அவள், மெதுவாக.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "இந்தக் கருமத்தை அணைச்சுத் தொலைக்கிறேன். ஊரும் வேணாம், ஊர்வலமும் வேணாம்," என்று சுவிட்சில் கை வைத்தேன்.

அவன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். இன்னொரு கையால் போனை மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அணைச்சுடாதீங்கண்ணே," என்றான். "திரும்ப அழுவா."